பதாகையை இறக்கிவைத்த பிறகு: வெறுப்பைப் பிரசங்கிக்கும் ஒரு குடும்பத்தைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

2006 மார்ச் 10. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊர். ஈராக்கில் இறந்த மேத்யூ ஸ்னைடர் என்ற இளம் மரீன் வீரருக்கு அன்று இறுதிச் சடங்கு. தேவாலயத்திலிருந்து ஏறக்குறைய 1000 அடி தள்ளி, போலீஸ் காட்டிய சின்னத் துண்டு நிலத்தில் ஏழு பேர் பதாகைகளோடு நின்றார்கள். சடங்குக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார்கள், அவ்வளவுதான். காரில் போய்க்கொண்டிருந்த அப்பா ஆல்பர்ட் ஸ்னைடருக்குப் பதாகைகளின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. 'செத்த சிப்பாய்களுக்காகக் கடவுளுக்கு நன்றி' என்றெல்லாம் அவற்றில் எழுதியிருந்ததை அன்று ராத்திரி டிவி செய்தியில்தான் படித்தார்.

நஷ்டஈடு கேட்டு அவர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இந்த விவரம் தீர்ப்பிலேயே இருக்கிறது. வக்கீல்கள் அந்தத் தீர்ப்பைக் கருத்துச் சுதந்திரத்துக்காகப் படிப்பார்கள். படம் எடுக்கிற எனக்கு உறுத்துவது வேறு. ஆயிரம் அடி தள்ளி நின்றவர்களின் வாசகத்தை அந்த அப்பாவின் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு கேமரா.

அந்த ஏழு பேரும் கான்சஸ் மாநிலத் தலைநகர் டொபீக்காவில் இருக்கும் வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சபைக்காரர்கள். 1955-ல் ஃப்ரெட் ஃபெல்ப்ஸ் தொடங்கிய சபை. எழுபது பேர் தேறினால் அதிகம். அதிலும் பெரும்பாலோர் அவருடைய பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். இப்படிக் குடும்பமே சபையாகவும் சபையே உலகமாகவும் இருக்கும் ஒரு கூட்டத்தை ஆவணப்படமாக எடுக்க ஆசைப்படும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொதுவெளியில் பதிவுகள் நிறைய இருப்பதால் வெஸ்ட்பரோவையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

போன் போடுவதற்கு முன்

முதலில் நீதிமன்ற ஆவணங்கள், அடுத்து உள்ளூர்ச் செய்தித்தாளின் பழைய இதழ்கள், கடைசியாகத்தான் அந்தக் குழுவே வெளியிடும் பிரசங்கங்களும் வீடியோக்களும். இந்த வரிசை மாறினால் அவர்கள் சொல்லும் கதையே உங்கள் கதையின் எலும்புக்கூடாகிவிடும்.

ஒரு நீளத் தாளைச் சுவரில் ஒட்டிக் காலவரிசை எழுதுங்கள். 1979-ல் கான்சஸ் மாநிலத்தில் ஃபெல்ப்ஸின் வக்கீல் உரிமம் பறிக்கப்பட்டது. 1991-ல் டொபீக்காவின் கேஜ் பூங்காவில் ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு எதிரான ஆர்ப்பாட்டம் தொடங்கியது. 1998-ல் வயோமிங்கில் கொல்லப்பட்ட மேத்யூ ஷெப்பர்டின் இறுதிச் சடங்கில் போய் நின்றார்கள், நாடு முழுக்கப் பெயர் தெரிந்தது. பிறகு இராக் போரில் இறந்த வீரர்களின் சடங்குகள். 2011 மார்ச் 2-ல் ஸ்னைடர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2014 மார்ச்சில் ஃபெல்ப்ஸ் இறந்தார். தேதிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடங்களில் யார் பிறந்தார்கள், யார் கல்யாணம் செய்துகொண்டார்கள், யார் வெளியேறினார்கள் என்று நிரப்பப் பாருங்கள். படம் அங்கேதான் இருக்கிறது.

படிக்கும்போது உங்கள் எண்ணத்துக்கு இடிக்கும் தகவல் ஒன்றாவது கண்ணில் படும். ஃபெல்ப்ஸ் விஷயத்தில் அது, ஒரு காலத்தில் கறுப்பின மக்களின் உரிமைக்காக வழக்காடிப் பேர் வாங்கிய வக்கீல் அவர் என்பது. வில்லன் உருவம் கலைகிறதே என்று அதைத் தூக்கி எறிய மனம் சொல்லும். எறியாதீர்கள்.

கொள்கையையும் படிக்க வேண்டும். யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் முடிவு செய்துவிட்டார் என்று நம்புகிறவர்கள் இவர்கள். தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் கொஞ்சப் பேர், மற்றவர்களுக்கு நரகம். ஆகவே ஆள் சேர்ப்பது அவர்களுக்கு முக்கியமில்லை. 'இப்படித் திட்டினால் யார் உங்கள் சபைக்கு வருவார்கள்?' என்று நீங்கள் கேட்டால் சிரிப்பார்கள். 'பிறனிடத்தில் அன்புகூருவாயாக' என்ற லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்து வசனத்துக்கு முந்தின வசனம் பிறனைக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. கடிந்துகொள்வதுதான் அன்பு என்பது அவர்கள் வாதம். இது தெரியாமல் போய் உட்கார்ந்தால் பேட்டி அரை மணி நேரத்தில் முட்டுச்சந்தில் நிற்கும்.

கதவு சுலபமாகத் திறக்கும், சிக்கலே அதுதான்

மூடிய கூட்டங்களிடம் அனுமதி வாங்க வருடக்கணக்கில் அலைய நேரும். வெஸ்ட்பரோ அதற்கு நேர்மாறு. ஊடகம் வந்தால் அவர்களுக்குத் திருவிழா. கான்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரே அவர்களைப் பற்றி முழு ஆவணப்படம் எடுத்திருக்கிறார். கேமரா அவர்களுக்குப் பிரசங்க பீடம். நீங்கள் வாடகை வாங்காமல் பீடம் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள், ஏன் வேண்டாமென்று சொல்லப்போகிறார்கள்?

யாரிடம் அனுமதி கேட்பது என்பதையும் விசாரியுங்கள். பல வருடம் ஃபெல்ப்ஸின் மகள் ஷெர்லி ஃபெல்ப்ஸ்-ரோப்பர்தான் போன் எடுப்பதிலிருந்து பேட்டி ஒழுங்கு செய்வதுவரை பார்த்துக்கொண்டார். பிறகு அதிகாரம் மூப்பர்களான ஆண்கள் கைக்குப் போனது. நீங்கள் பேசுகிறவருக்குச் 'சரி' சொல்லும் அதிகாரம் இன்றும் இருக்கிறதா என்று தெரியாமல் விமான டிக்கெட் எடுக்காதீர்கள். அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று: சுற்றுலா விசாவில் போய்ப் படம் எடுக்கக் கூடாது, ஊடகத்தினருக்கான ஐ விசா வாங்க வேண்டும்.

முதல் போனிலேயே உள்ளதைச் சொல்லிவிடுங்கள். 'உங்கள் கொள்கை எனக்கு ஒப்புதல் இல்லை. உங்கள் குடும்பம் எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டும்.' அவர்கள் இதைவிடக் காரமாகக் கேட்டுப் பழகியவர்கள், கோபப்பட மாட்டார்கள். பொய் சொல்லி உள்ளே போனால்தான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். ஒப்புதல் படிவத்தை எளிய மொழியில், ஓட்டையில்லாமல் எழுதிக்கொண்டு போங்கள். ஃபெல்ப்ஸின் பதின்மூன்று பிள்ளைகளில் பெரும்பாலோர் சட்டம் படித்தவர்கள். உச்ச நீதிமன்றத்தில் குடும்பத்துக்காக வாதாடியவரே மகள் மார்ஜி ஃபெல்ப்ஸ்தான். இணையத்திலிருந்து இறக்கிய படிவத்தை நீட்டினால் அவர்களே திருத்திக் கொடுப்பார்கள், அவமானம் உங்களுக்கு. எடிட்டில் அவர்களுக்கு உரிமை இல்லை, ஒளிபரப்புக்கு முன் ஒப்புதல் கேட்க மாட்டோம் என்ற இரண்டையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி குறிக்கும்போது ஒரு தந்திரம். ஆர்ப்பாட்டம் இருக்கும் நாட்களைத்தான் அவர்கள் தருவார்கள். இல்லாத நாட்களையும் சேர்த்துக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? துணி மடிக்கிறார்களா, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களா?

ஆர்ப்பாட்டக் களத்தில்

மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். கேமரா, ஒலி, நீங்கள்.

கான்சஸ் சமவெளி, காற்று விடாது அடிக்கும். மைக்குக்கு ரோமக் கவசம் இல்லாமல் போனால் திரும்பிவந்து கேட்கும்போது பேச்சு இருக்காது, காற்றுதான் இருக்கும். முக்கியமானவருக்குச் சட்டையில் காலர் மைக், சுற்றுச் சத்தத்துக்குத் தனி மைக். பதாகை பிடித்திருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் காலர் மைக் பிடிக்கும். ராத்திரிச் சாப்பாடு, யார் யாரைக் காரில் ஏற்றிக்கொள்வது, வெயிலுக்குத் தொப்பி எடுத்து வந்தாயா. முழக்கத்தைவிட இந்தப் பேச்சு நமக்கு ஆயிரம் மடங்கு தேவை.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பாட்டு. பிரபலமான பாப் பாடல்களின் மெட்டில் வரிகளை மாற்றித் தெருவில் பாடுவது இவர்கள் வழக்கம். அந்த மெட்டுக்கு உரிமையாளர் வேறெங்கோ இருக்கிறார். படத்தில் அது வந்தால் நியாயமான பயன்பாடு என்று வாதாட முடியுமா, உரிமம் வாங்க வேண்டுமா என்பதைப் பதிப்புரிமை வக்கீல் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் எழுத்தில் கொடுத்தால்தான் படத்தின் மேல் வழக்கு வந்தால் கைகொடுக்கும் 'பிழைகள், விடுபடல்கள்' காப்பீடு கிடைக்கும், அந்தக் காப்பீடு இல்லாமல் தொலைக்காட்சிகள் படத்தைத் தொடாது. பாடாத நேரத்துக் காட்சிகளையும் போதுமான அளவு எடுத்துக்கொள்ளுங்கள், எடிட் மேசையில் உங்களையே வாழ்த்துவீர்கள்.

எங்கே நிற்பது என்பதும் சட்டம் சம்பந்தப்பட்டது. 2006-லும் 2012-லும் வந்த மத்தியச் சட்டங்கள் படைவீரர் சடங்குகளைச் சுற்றி ஆர்ப்பாட்டத்துக்கு எல்லை போட்டன. 2012 சட்டப்படி சடங்குக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும், 300 அடிக்குள் கூடாது. நீங்கள் ஆர்ப்பாட்டக்காரர் இல்லை, ஆனால் அவர்களோடு வந்து இறங்கினால் துக்க வீட்டுக்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தனி வண்டியில் போங்கள். கேமராவைத் துக்கக்காரர் பக்கம் திருப்பாதீர்கள். எதிரே மோட்டார் சைக்கிளில் கொடியோடு வந்து மறைப்பாக நிற்பவர்கள் இருப்பார்கள். இந்தச் சபையின் ஆர்ப்பாட்டங்களை எதிர்கொள்ளவே 2005-ல் உருவான பேட்ரியட் கார்ட் ரைடர்ஸ் அமைப்பினர். அவர்களிடமும் முன்கூட்டியே உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது உடம்புக்கு நல்லது.

பதாகைகளை எப்படி எடுப்பது? படிக்கும்படி ஒரே ஒரு ஷாட். பார்வையாளருக்கு அது என்னவென்று தெரிய அது போதும். மற்றதெல்லாம் பதாகைக்குப் பின்னால் நின்று எடுங்கள். பிடித்திருக்கும் கை, வலிக்கும்போது மாற்றிப் பிடிப்பது, கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பது. இந்தக் கட்டுரையில் நானும் ஒரு வாசகத்துக்கு மேல் எழுதப்போவதில்லை.

வீட்டுக்குள்

சபைக் கட்டடத்தைச் சுற்றி உறவினர் வீடுகள். நடுவேலிகளை எடுத்துவிட்டுக் கொல்லைப்புறங்களை ஒன்றாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஓடுகிறார்கள், நீச்சல் குளம்கூட உண்டு. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த நம்மவர்களுக்குப் பார்த்ததும் பழகிய இடம்போல இருக்கும். பெரியவர்கள் வெளியே வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் டொபீக்காவின் அரசுப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். சுவர் ஊரைச் சுற்றி இல்லை என்பதை உங்கள் படம் காட்ட வேண்டும். எல்லோரோடும் பழகிக்கொண்டே யாரோடும் ஒட்டாமல் இருக்கும் வித்தையை அந்தப் பிள்ளைகள் எங்கே கற்கிறார்கள் என்று கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பேட்டியில் வாதம் செய்யாதீர்கள். அவர்கள் முப்பது வருடத்துக்கு மேலாகத் தெருவில் வாதம் செய்கிறவர்கள், நீங்கள் நேற்று வந்தவர். 'இது வெறுப்பில்லையா?' என்ற கேள்விக்கு நாக்கு நுனியில் வசனம் வைத்திருக்கிறார்கள். வசனம் இல்லாத கேள்வியைக் கேளுங்கள். இன்று காலை யார் சமைத்தது? யாருக்கு எந்தப் பதாகை என்று யார் முடிவு செய்கிறார்கள்? கைக்குழந்தை இருக்கிறவர் ஆர்ப்பாட்டத்துக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பார்கள்? அப்புறம், அவசரப்படாமல், சுவரில் இருக்கும் குடும்பப் புகைப்படத்தைக் காட்டி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். ஒரு முகத்தைத் தாண்டிப் போவார்கள். நீங்கள் எதுவும் கேட்காதீர்கள். கேமரா ஓடட்டும். அடுத்த பெயருக்குப் போக அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் உங்கள் காட்சி.

வெளியேறியவர்களோடு சபை பேச்சுவார்த்தையை அறுத்துவிடும். ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே தள்ளிவைக்கிறவள் பெற்ற தாயாகவே இருக்கலாம்.

பிள்ளைகள்

மேகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பர், ஷெர்லியின் மகள். 1991-ல் ஆர்ப்பாட்டங்கள் தொடங்கியபோது அவளுக்கு வயது ஐந்து, கையில் பதாகை கொடுத்தார்கள். 2012 நவம்பரில் தங்கை கிரேஸோடு வெளியேறியபோது மேகனுக்கு இருபத்தாறு. டிவிட்டரில் சபைக்காக வாதாடப் போய், எதிர்த்தரப்பினர் பொறுமையாகக் கேட்ட கேள்விகளால் ஆட்டம் கண்டதாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

ஐந்து வயதுப் பிள்ளை பதாகை பிடித்திருக்கும் ஷாட்டைப் போல ஒரு ஷாட் கிடைக்காது என்று உங்கள் கைக்கு அரிக்கும். அப்பா அம்மா கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சட்டப்படி எல்லாம் சரி. எடிட்டில் அந்த ஷாட்டை வைப்பதற்கு முன், அந்தப் பிள்ளை இருபத்தாறு வயதில், வெளியே வந்து, வேலைக்கு மனுப்போட்டுவிட்டு உங்கள் படத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் முகம் தெரியாமல் எடுத்த ஷாட்டே போதும். பிள்ளையிடம் நரகம், சாவு பற்றிக் கேட்டு வாயைக் கிண்டுவது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பெரிய பெரிய ஆட்கள் செய்திருக்கிறார்கள், அதற்காக அது சரியாகிவிடாது.

வெளியேறியவர்கள்

இவர்களைத் தனியாக, வேறு ஊரில், வேறு நாட்களில் எடுங்கள். உள்ளே இருப்பவர்களிடம் இவர்களைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம், இவர்களிடம் உள்ளேயிருந்து செய்தியும் கொண்டுவர வேண்டாம். 'அம்மா எப்படி இருக்கிறாள்?' என்று கேட்பார்கள். உங்களுக்கு அம்மாவை நேற்றுத்தான் பார்த்த ஞாபகம் இருக்கும். 'நன்றாக இருக்கிறார்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் நீங்கள் படமெடுப்பவராக இல்லாமல் தூதராகிவிடுவீர்கள். வெளியே வந்து சில வாரமே ஆனவரைப் பேட்டி எடுக்காதீர்கள், சொன்னதை ஆறு மாதம் கழித்து வேறுமாதிரி சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஃபெல்ப்ஸின் மகன் நேட்டன் தன் பதினெட்டாவது பிறந்தநாள் தொடங்கிய நள்ளிரவில் வீட்டைவிட்டுப் போனவர். அது 1976-ல். அவர் பொதுமேடையில் பேசத் தொடங்கியது பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான். அடி உதை போன்ற குற்றச்சாட்டு வந்தால் ஆவணம் தேடுங்கள், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள்.

உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள்

ஸ்டீவ் டிரெய்ன் என்ற ஃப்ளோரிடாக்காரர் இவர்களைத் தோலுரிக்கும் ஆவணப்படம் எடுக்கத்தான் டொபீக்கா வந்தார். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மனம் மாறி, 2001-ல் மனைவி மக்களோடு குடிபெயர்ந்து, சபையில் சேர்ந்து, பிற்பாடு அதன் செய்தித் தொடர்பாளராகவே ஆனார். மகள் லாரனைச் சில வருடத்தில் சபை வெளியேற்றியது. அப்பா உள்ளேயே இருந்தார்.

நமக்கு அப்படி ஆகாது என்று சிரிக்கத் தோன்றும். நான் ஒருமுறை வேறொரு குழுவோடு ஐந்து நாள் தங்கினேன். பாசமான மனிதர்கள், நல்ல சாப்பாடு. நாலாம் நாள் இரவு எழுதிய குறிப்பில் 'நாளை நாம் கிளம்பும்போது' என்று எழுதியிருந்தேன். அவர்கள் கிளம்புவதைத்தான் எழுத உட்கார்ந்தேன். 'அவர்கள்' எப்போது 'நாங்கள்'கூட இல்லாமல் 'நாம்' ஆனது என்று இன்றும் தெரியவில்லை. அதிலிருந்து மூன்று பழக்கம்: தூங்குவது வேறு இடத்தில், நாளுக்கு ஒரு வேளையாவது வெளிச் சாப்பாடு, தினமும் ராத்திரி இந்தப் படத்தோடு சம்பந்தமில்லாத ஒருவருக்கு போன். அந்த ஆள் முகத்தில் அடித்தாற்போலப் பேசுகிறவராக இருந்தால் நல்லது.

எடிட்டும் அதற்குப் பிறகும்

ரஃப் கட்டில், அதாவது முதல் கட்டத் தொகுப்பில், ஒரு கணக்குப் போடுங்கள். முழக்கமும் பிரசங்கமும் எத்தனை நிமிடம், அந்த முழக்கம் யார் மேல் விழுந்ததோ அவர்கள் எத்தனை நிமிடம்? முதலாவது இரண்டாவதைவிட அதிகமாக இருந்தால் நீங்கள் பீடம் தூக்கியிருக்கிறீர்கள். ஆல்பர்ட் ஸ்னைடருக்கு 2007-ல் ஜூரி 1 கோடியே 9 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. நீதிபதி அதை 50 லட்சமாகக் குறைத்தார். மேல்முறையீட்டில் அதுவும் போனது. போதாததற்கு, எதிர்த்தரப்பின் நீதிமன்றச் செலவு 16,510 டாலரை அவரையே கட்டச் சொன்னார்கள். மகனைப் பறிகொடுத்தவரிடம் நீட்டப்பட்ட அந்தச் செலவுக் கணக்கு பத்து பதாகைக்குச் சமம். டொபீக்காவில் சபைக்கு எதிரேயே 2013-ல் வானவில் நிறம் பூசிய வீடு ஒன்று வந்தது, சமத்துவ வீடு என்று பெயர். அங்கே இருப்பவர்களின் சன்னலிலிருந்து சபையைப் பார்த்து ஒரு ஷாட் எடுக்காமல் ஊர் திரும்பாதீர்கள்.

படம் வெளியானதும் அந்தக் குடும்பம் மகிழ்ச்சியோடு அதைப் பகிரும். திட்டி எடுத்திருந்தாலும் பகிரும், அதிர்ச்சியடையாதீர்கள். உறவை முறித்துக்கொள்ளவும் வேண்டாம். பிபிசிக்காக லூயி தெரூ 2007-ல் அவர்களைப் படமெடுத்தார், 2011-லும் 2019-லும் திரும்பவும் எடுத்தார். மூன்றாம் தடவை மேகன் வெளியே இருந்தபடி அவரோடு பேசினார். ஒரே பயணத்தில் இது கிடைக்காது. எடுத்த எல்லாவற்றையும், படத்தில் சேர்க்காததையும், இரண்டு வேறு இடங்களில் பத்திரப்படுத்துங்கள்.

ஒளிபரப்புத் தேதி முடிவானதும் போன் போட வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று எழுதுங்கள். சபை அதில் கடைசி. முதல் வரியில், அவர்கள் ஆர்ப்பாட்டம் செய்த சடங்குக்காரர்கள், நீங்கள் படத்தில் காட்டியிருந்தாலும் காட்டாவிட்டாலும். எந்த நாள், எத்தனை மணி, பதாகை எத்தனையாவது நிமிடத்தில் தெரியும், முன்னோட்டத்தில் அது வருமா வராதா என்று சொல்லுங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். போனில் பேசுங்கள். எடுக்காவிட்டால் மறுபடி போடுங்கள்.